கண்ணாடி பிடிப்பவள்

எங்கள் எசமானுக்குக் கோபம் வந்தால் நான் வெண்கலக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடி, அவர் முகத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும். அதற்காகவே ரோமாபுரிச் சந்தையில் என்னையும் என் தங்கையையும் சேர்த்து வாங்கினார். கோபத்தில் கோணிப்போன தன் முகத்தைப் பார்த்தால் மனிதன் வெட்கப்பட்டு அடங்கிவிடுவான் என்று ஞானிகள் சொல்லியிருக்கிறார்களாம். அவரும் அடங்குவார். மூச்சை இழுத்து விடுவார், புருவம் மெல்ல இறங்கும். பிறகு, விருந்தாளிக்கு மது ஊற்றச் சொல்லும் அதே குரலில் சாட்டைக்காரனைக் கூப்பிடுவார். கோபத்தோடு யாரையும் தண்டித்ததில்லை என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. பாவி. கோபத்திலேயே அடித்திருந்தால் தோட்டக்காரருக்கு ஓர் அறையோடு போயிருக்கும். நிதானம் வந்த பிறகு கொடுத்த தண்டனையில் அந்த மனுஷன் இன்னும் நிமிர்ந்து நடக்கவில்லை.

இன்று காலை என் தங்கை பிலீனா விளக்கைத் தட்டிவிட்டு, அவருடைய வெள்ளை மேலங்கி முழுக்க எண்ணெயைக் கொட்டிவிட்டாள். "நாயே" என்று கையை ஓங்கினார். நான் ஓடிப்போய்க் கண்ணாடியின் பின்புறத்தை அவருக்குக் காட்டிப் பிடித்தேன். அடி, இப்போதே அடித்துத் தொலை என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஓங்கிய கை பாதியில் நின்றது. முகம் தெரியாத அந்த மங்கிய வெண்கலத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். புருவம் மெல்ல இறங்கியது.

"அதைக் கீழே வைம்மா," என்றார், மது ஊற்றச் சொல்லும் அதே குரலில். "இனிமேல் எனக்குக் கண்ணாடி தேவைப்படாது போலிருக்கிறது."