டாக்டர் அனுப்பிய படங்கள்

"தயவுசெஞ்சு அந்தப் படத்தைத் திறந்திடாதீங்க. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லைங்க" என்று பதினேழாவது முறையாகப் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார் பல் டாக்டர். மானம் கப்பலேறிவிட்டது. இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு கிளினிக்கைத் திறப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். பரிசு விழுந்திருக்கிறது என்று யாரோ அனுப்பிய மெயிலை நேற்று ஆசை ஆசையாகத் திறந்தார். வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் புகுந்த வைரஸ், 'என் அந்தரங்கப் படங்கள்' என்று அவர் பெயரிலேயே ஊருக்கெல்லாம் மெயில் தட்டிவிட்டது.

"ஆன்ட்டி வைரஸ் காலாவதியாகி ரெண்டு வருஷம் ஆச்சே சார். புதுப்பிக்கச் சொல்லித் தினமும் கேட்டிருக்குமே?" என்றார் கம்ப்யூட்டர் மெக்கானிக்.

"கேட்டுச்சு. அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்." வலி வரும்வரை என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று நோயாளிகளை விரட்டுகிறவர், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"உங்க அட்ரஸ் புக்ல இருக்கிற ஒருத்தரையும் விட்டிருக்காது சார். திறந்தா அவங்க கம்ப்யூட்டரும் காலி. ஒவ்வொருத்தருக்கா சொல்லிடுங்க."

சம்பந்தியில் ஆரம்பித்து சோபா விற்ற கடைக்காரர் வரை சொல்லி முடித்தார். அப்போதுதான் மனைவி கேட்டாள்.

"ஏங்க, உங்க தங்கச்சிக்குச் சொன்னீங்களா? வீட்ல உட்கார்ந்து டைப் அடிச்சுத்தான் ரெண்டு பிள்ளைங்களையும் காப்பாத்துறாங்க. கம்ப்யூட்டர் போச்சுன்னா பாவம், என்ன பண்ணுவாங்க?"

தங்கையோடு கடைசியாக எப்போது பேசினோம் என்றே டாக்டருக்கு நினைவில்லை. இத்தனை நாள் கழித்துப் பேசி, இதையா சொல்வது என்று கூசியது. மனைவியிடமே நம்பரை வாங்கி அழைத்தார்.

"உன் கம்ப்யூட்டர் எப்படிம்மா இருக்கு?"

"நல்லாத்தான் ஓடுதுண்ணா."

போன உயிர் திரும்பி வந்தது. "நல்லவேளை, நீ அந்த மெயிலைத் திறக்கலை. என் பேரைப் பார்த்தாலே நம்பித் திறந்திடுவியேன்னு பயந்தே போயிட்டேன்."



"அண்ணன்கிட்டேர்ந்து மெயில் வந்திருக்குன்னு சித்தப்பா சொன்னாரு, மாமாவும் சொன்னாரு. நானும் காலையிலேர்ந்து திறந்து திறந்து பார்க்கிறேன். எனக்கு மட்டும் வரலைண்ணா."