லூஸாக விட்ட நட்டு

"மூணாவது செட்டும் கிழிஞ்சிருச்சு டேசா! நீ ரப்பர் விக்கிறியா, ரொட்டி விக்கிறியா?"

போரா இரண்டு ரப்பர் புஷ்களை மேசையில் போட்டார். அவருடைய 1974 ஃபீச்சா காரின் பின்சக்கரங்களைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகள் அசையும் இடத்தில் இருக்க வேண்டியவை அவை. ஒரே வருஷத்தில் மூன்று முறை அவரே மாற்றினார். எதுவும் இரண்டு மாதம் தாண்டவில்லை.

பட்டறைக்காரி டேசா ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "ரப்பர் நல்லாத்தான் இருக்கு அண்ணே. பேசாம உங்க தம்பிகிட்ட விட்டிருக்கலாம்ல?"

"நெனாத்கிட்டயா? ஆறு வருஷம் முன்னாடி இதே நட்டுகளை லூஸா விட்டுட்டு சாப்பிடப் போனவன் அவன்! அவனே ஒத்துக்கிட்டான். ரெண்டே மாசத்துல புஷ் கிழிஞ்சிருச்சு. என் பொண்ணு கல்யாணத்தன்னிக்கு வண்டி பள்ளத்துல இறங்கி, அவ கையில கட்டோட சர்ச்சுக்குள்ள போனா."

"வியாழக்கிழமை உங்க ஸ்லாவா, குலப் புனிதர் நாளாச்சே. வருவானா?"

"ஸ்லாவா விருந்துக்கு யாரையாச்சும் கூப்பிடுவாங்களா? கூப்பிடாமலே வர்றதுதான் வழக்கம். கதவு திறந்திருக்கும். மன்னிப்புக் கேட்டுட்டு வரட்டும்." போராவின் குரல் இறங்கியது. "வருஷா வருஷம் அவனுக்கும் ஒரு நாற்காலி போட்டுட்டுத்தான் இருக்கேன்."

டேசா கிழிந்த புஷ்ஷை மேசையில் வைத்தாள். பிறகு கேட்டாள்: "புஷ்ஷை எப்படி மாட்டுறீங்க?"

"எப்படின்னா? ஜாக்கி போட்டுத் தூக்குவேன், புஷ்ஷை ஏத்துவேன், நட்டை நல்லா இறுக்குவேன், வண்டிய இறக்குவேன்."

"அதான் விஷயம்!" டேசா கை துடைக்கும் துணியை எடுத்துத் திருகிப் பிடித்தாள். "சக்கரம் தொங்குறப்ப இறுக்கினா, ரப்பர் அந்த நிலையிலயே பிடிச்சுக்கும். வண்டிய இறக்கினதும் இரும்புக் கை மேல போகும். ரப்பர் இந்தத் துணி மாதிரி திருகிக்கிட்டே கிடக்கும். ஓட ஓடக் கிழியும். நட்டை லூஸா விட்டு, சக்கரத்தைத் தரையில இறக்கி, உள்ள நாலு பேரை உட்கார வச்சுட்டு, அப்புறம்தான் இறுக்கணும்."

போரா கிழிந்த புஷ் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நெனாத் இங்க வேலை பார்த்தப்ப அப்படித்தான் செய்வான்," டேசா சிரித்தாள். "லூஸா விட்டுட்டு சாப்பிடப் போவான். திரும்பறப்ப சாப்பாட்டுக் கடையில இருக்கிற தடியனுங்க நாலு பேரை இழுத்துட்டு வருவான், வண்டிக்குள்ள உட்கார வைக்க."

போரா கைபேசியை எடுத்தார். ஆறு வருஷமாகத் தொடாத எண். வெகுநேரம் மணி அடித்தது.

"நெனாத், வியாழக்கிழமை நீ வரணும்டா. அன்னிக்கு நீ ஆளுங்களோட திரும்பி வர்றதுக்குள்ள, நீ மறந்துட்டேன்னு நினைச்சு, தொங்கிட்டிருந்த சக்கரத்துல நட்டை இறுக்கி வண்டிய எடுத்துட்டுப் போனவன் நான்தான்."