காலிப் பதிவுகள்

ஆலங்காயத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் அருள்மணி, உள்ளே இருப்பதை முதலில் மெமரி கார்டில் எடுத்துவைக்காமல் எந்தப் போனுக்கும் புது சாப்ட்வேர் ஏற்ற மாட்டான். நெல்லிவாசலிலிருந்து ஜீப்பில் வந்திருந்த அம்சவல்லியிடமும் அதைத்தான் சொன்னான்.

"எம்மவன் சந்திரன் அனுப்புனது எல்லாம் அதுலதான் கீது. ஒண்ணும் போவக்கூடாது சார்."

"நான் பாத்துக்கறேம்மா. சாயந்திரம் வாங்க."

அவளுடைய கார்டு சின்னது. படங்களை ஏற்றியதுமே நிறைந்துவிட்டது. மிச்சம் நாற்பது வாய்ஸ் மெசேஜ். நாலைந்தைக் கேட்டுப் பார்த்தான். ஒன்றிலும் பேச்சில்லை, டொக் டொக்கென்று ஏதோ சத்தம் மட்டும். பையன் கை தவறி அமுக்கியிருப்பான் என்று அவற்றை விட்டுவிட்டு, சாப்ட்வேரை ஏற்றினான். போனில் மிச்சம் இருந்ததெல்லாம் அழிந்துபோனது.

மாலையில் போனை வாங்கியவள் படங்களைப் பார்க்கவில்லை. எங்கெங்கோ தொட்டுப் பார்த்துக் காதில் வைத்தாள்.

"சந்திரனோட சத்தம் எங்க சார்?"

"அதெல்லாம் காலியா இருந்துச்சும்மா, விட்டுட்டேன். வேணும்னா மறுபடி அனுப்பச் சொல்லுங்க."

"அவனுக்குப் பேச்சு வராது சார். எனக்குப் படிக்கத் தெரியாது. கேரளாவுக்கு வேலைக்குப் போன எடத்துலேர்ந்து போன்மேல தட்டித்தான் அனுப்புவான். சாப்ட்டுட்டான்னா ரெண்டு தட்டு. ஊருக்கு வர்றான்னா மூணு."

கடையின் கண்ணாடி மேசையில் விரல் முட்டியால் மூன்று முறை தட்டிக் காட்டினாள்.

"கடைசியா வந்தது மூணு சார். மறுநாளு ஆம்புலன்ஸுல பொணமாத்தான் வந்தான்."