காலுக்குத் தோதான கிளட்ச்

மலையடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய வேதவல்லி நேராக ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தாள்.

“மாதேஸ்வரா, எங்க ஊட்டுக்காரர் உங்கிட்ட விட்டுட்டுப் போன காருக்கு ரேஸ் கிளட்ச் வேண்டாம். மெத்துனு மிதிபடறதாப் போடு.”

“ஏனுங்கம்மா, இஞ்சினுக்கு நொம்ப வேகம் ஏத்தி வெச்சிருக்காருங்க. மெத்துனு போட்டா ரேஸுல சிலிப்பாகும். ஐயா ஒத்துக்குவாருங்களா?”

“அவருக்கு முட்டி வலி. ரோட்டுல ஓடினாப் போதும்னாரு.”

“ஐயா எங்கீங்க?”

“மெட்ராஸ்ல. சிநேகிதங்களோட ரேஸ் பாக்கறாரு.”

“அத்தாம்பெரிய எஸ்டேட் பங்களாவுல தனியாவா இருக்கறீங்க?”

“பேச்சுத் துணைக்குத்தான் மழை இருக்குதே!”

சாயங்காலம் வேலை முடிந்தது. வேதவல்லி தானே உட்கார்ந்து இடது காலால் மிதித்துப் பார்த்தாள்.

“இன்னும் கெட்டியா இருக்குது.”

“ஐயா காலுக்கு இது பஞ்சுங்கம்மா!”

“இன்னும் கொஞ்சம் இளக்கு.”

இளக்கினான். மறுபடி மிதித்தவளின் முகம் தெளிந்தது.

“டிரைவரு எப்ப வருவாருங்க?”

“எதுக்கு? கல்யாணத்துக்கு முந்தி எங்கப்பா காரை நான்தான் ஓட்டுவேன்.”

கார் குலுங்காமல் கிளம்பியது. ரோட்டில் ஏறி, சேலம் பக்கம் திரும்பியது.

மாதேஸ்வரன் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினான்.

“அம்மா, ஊடு மலை மேலங்க! அந்தப் பக்கமுங்க!”

வேதவல்லி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

“அது அவரு ஊடு, மாதேஸ்வரா.”