மேசையின் நான்கு முனைகள்

“யாருங்க இதை ஒட்டினது? பூகம்பமே வந்தாலும் கழலாது போலிருக்கே!” என்று சிரித்தார் மார்பிள்காரர்.

நான்தான் என்றேன்.

வெள்ளை மார்பிள் பதித்த சாப்பாட்டு மேசை. கூர்மையான நான்கு முனைகளிலும் ரப்பர் காப்பு ஒட்டியிருந்தேன். ரப்பர் இற்று உதிர்ந்துவிட்டது. எபாக்ஸி பசை மட்டும் மஞ்சளாக, கல்லோடு கல்லாக இறுகிக் கிடந்தது.

கடையில் கொடுத்த ஒட்டுநாடா போதாது, குழந்தை பிய்த்துவிடும் என்று சொல்லி, இரண்டு டியூபைக் கலந்து அழுத்தமாகப் பூசியவன் நான்.

முந்தாநாள் மேசையைத் துடைக்கும்போது அந்த இறுகிய பசை மனைவியின் விரலைக் கிழித்துவிட்டது. அதனால்தான் இவரை அழைத்தோம்.

அவர் சூடான காற்றைப் பாய்ச்சினார். பிசின் இளகியதும் பிளாஸ்டிக் தகட்டை மெல்லக் கொடுத்து நெம்பினார்.

“இரும்பு வெச்சா கோடு விழுந்துடும் சார். ஆசிட் பட்டா கல்லையே தின்னுடும். இதைக் கெஞ்சித்தான் எடுக்கணும்.”

முதல் முனை விட்டுக்கொடுத்தது.

“பையனா, பொண்ணா?”

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து பதில் வந்தது.

“பையன்.”

“என்ன வயசும்மா?”

“வர்ற பதினாலாம் தேதி ஏழு முடியுது.”

“அப்ப இனிமே இதெல்லாம் தேவையில்ல. ஸ்கூலுக்குப் போயிருக்காரா?”

“ம்.”

குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். எல்லாம் காலையிலேயே தேய்த்துக் கவிழ்த்த பாத்திரங்கள்.

“ரொம்பச் சேட்டையோ?”

“ஒரு நிமிஷம் சும்மா இருக்கமாட்டான். விடிய விடிய உதைப்பான்.”

அவள் குரலில் சிரிப்பு இருந்தது. அதைக் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது.

மார்பிள்காரர் கையின் வேகத்தைக் கூட்டினார். நான் நீட்டிய தேநீரைக்கூட வாங்கவில்லை.

“இந்த வாடை சின்னப் பிள்ளைங்களுக்கு ஆகாது சார். தம்பி வர்றதுக்குள்ள முடிச்சுடறேன். ஜன்னலை மட்டும் நல்லாத் திறந்து வைங்க.”

போய் இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்தேன்.

நான்காவது முனைக்கு வந்தபோது கேட்டார்.

“தம்பி பேரு என்னம்மா?”

குழாய் நின்றது.



பெயரை நான் சொன்னேன்.

“அருமையான பேரு” என்றார் அவர். மறுபடி காற்று இரைந்தது.

ஏழு வருடங்களுக்கு முன் மருத்துவமனையிலிருந்து நாங்கள் இரண்டு பேர்தான் வீடு திரும்பினோம். அவர்கள் கொடுத்த தாளில் ‘ஆண் குழந்தை’ என்று மட்டுமே எழுதியிருந்தது. என்ன பெயர் நினைத்து வைத்திருந்தேன் என்று அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

ஈரக் கையோடு அவள் சமையலறை வாசலுக்கு வந்து என்னையே பார்த்தாள்.

பிறகு, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து, மகனின் பெயரை முதன்முதலாகச் சொல்லிப் பார்த்தாள்.