நானூறாவது கையெழுத்து

"தள்ளிப் போங்கம்மா. அந்தாளுக்குக் கையெழுத்துப் போட்ட கை எனக்கு வேண்டாம்!"

அந்தப் பெண்மணி என் பேனாவை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "ரெண்டு பேருக்கும் போட்டா என்ன, குறைஞ்சா போயிடும்?"

"கூடவே கூடாது."

சூப்பர் மார்க்கெட்டின் மறு வாசலில் நின்றிருந்த டெல்மர் வாய்விட்டுச் சிரித்தார். "யோவ் ஆர்லோ, வீடு தேடி வர்ற ஆதரவையே விரட்டுற ஒரே வேட்பாளர் நீதான்யா!"

எங்கள் மாநிலச் சட்டசபைத் தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளின் பெயர்கள் வாக்குச்சீட்டில் தானாகவே அச்சாகிவிடும். எங்களைப் போன்ற உதிரிகள் மட்டும் தொகுதி வாக்காளர்கள் நானூறு பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். அதற்குக் கெடு இன்று மாலை ஐந்து மணி.

நான் பூமிக் கட்சி. சருகு ஊதும் மிஷினுக்குக்கூட உரிமம் வேண்டும் என்பது எங்கள் கொள்கை. மாவட்டத்தில் நாங்கள் மொத்தம் பதினோரு பேர், அதில் மூன்று கோஷ்டி.

டெல்மர் ‘தலையிடாதே’ கட்சி; அரசாங்கம் எதிலும் மூக்கை நுழைக்கக் கூடாது என்பவர்கள். கிணறு தோண்டுகிற மனிதர். நாய்க்கு உரிமம் வாங்குவதே அடிமைத்தனம் என்பார். தேர்தல் விதிப் புத்தகத்தை நான் இரண்டு முறை படித்து அடிக்கோடிட்டிருந்தேன். அவர் அதைப் பிரிக்கக்கூட இல்லை, கொள்கைக்காக.

மூன்று மணிக்கு மாவட்ட அலுவலகத்தில் என் தாள்களை நீட்டினேன். குமாஸ்தா வோண்டா ஒவ்வொரு பெயரையும் வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, வெளியூர்க்காரர்களையும், விளையாட்டாகத் தன் பூனையின் பெயரை எழுதிவைத்த ஒரு புண்ணியவானையும் அடித்தாள். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"சரியா நானூறு சார். ஒண்ணு கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

முதல் தாளின் முதல் வரியில் என் கையெழுத்தேதான் இருந்தது. என்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு என்பதற்கு இருக்கும் ஒரே எழுத்துபூர்வமான ஆதாரம் அது. மூன்றாவது முயற்சியில் வேட்பாளர் ஆகிவிட்ட சந்தோஷத்தில், பக்கத்துக் கடையில் இரண்டு டோநட் வாங்கி நானே எனக்கு விருந்து வைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. மணி நாலே முக்கால். அலுவலகப் படியில், தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்ட, டெல்மர் உட்கார்ந்திருந்தார்.

"என்னய்யா, இங்கே உக்காந்துட்டே?"

"வோண்டா எண்ணிட்டா. ஒண்ணு குறையுது." தாளைச் சட்டைக்குள் நனையாமல் வைத்திருந்தார். "இந்த மழையில தெருவுல ஈ, காக்கா இல்லை. யாருகிட்டப் போய் வாங்குறது?"

"போன் போட்டு யாரையாவது வரச் சொல்லேன்."

"தெரிஞ்சவங்க எல்லாரும் ஏற்கெனவே போட்டாச்சு. நாலு தேர்தல்யா ஆர்லோ. நாலு தடவையும் இதே படியிலதான் உக்காந்திருக்கேன். ஜெயிக்கணும்னா கேட்டேன்? என் பேரை அச்சுல ஒரே ஒரு தடவை பாத்துட்டாப் போதும். அந்தச் சீட்டை மாட்டறதுக்குன்னு பெர்னீஸ் கண்ணாடிச் சட்டமே வாங்கி வச்சிருக்கா."

பெர்னீஸ் அவர் மனைவி. ஐந்து மாதமாக இந்த மனிதரை நான் காடழிப்பவன், சுயநலக்காரன் என்றெல்லாம் துண்டறிக்கையில் திட்டியிருக்கிறேன். அதைப் படித்ததும் அவர் ஒருவர்தான்.

வேலைக்கே ஆகாத இரண்டு பேர் இந்த ஊரில் ஒருவரையொருவர் மட்டும் பெரிய ஆளாக மதித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அவர் இல்லாமல் நான் யாரோடு மோதுவது? பெரிய கட்சிக்காரர்கள் என் பெயரைக்கூடச் சரியாகச் சொன்னதில்லை.

"கொடுய்யா தாளை."

டெல்மர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கிண்டல் பண்றியா?"

"நீ நின்னாத்தான்யா உன்னை நான் தோக்கடிக்க முடியும். கொடு!"

"உன் கட்சிக்காரங்க உன்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க."

"மூணு கோஷ்டியும் ஒண்ணு சேர ஒரு காரணம் கிடைக்கட்டுமே."

அவருடைய முதுகையே மேசையாக்கி, என் முழுப் பெயரையும் முகவரியோடு அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் முதுகு லேசாகக் குலுங்கியது. அழுகிறார் என்று தெரிந்தும் கவனிக்காதவன் போல மழையைப் பார்த்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே பெரிய மனுஷத்தனம், ஒரு பத்திரிகைக்காரன்கூடப் பக்கத்தில் இல்லையே என்று உறுத்தவும் செய்தது.

நாலு ஐம்பத்தெட்டுக்கு இருவரும் தோளோடு தோள் உரச உள்ளே ஓடினோம். வோண்டா தாளை வாங்கிக்கொண்டாள். சுவர்க்கடிகாரம் ஐந்தடித்ததும் மனு வாங்கும் ஜன்னல் கதவை இறக்கிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரியைப் படித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது உங்க கையெழுத்தா சார்?"

"ஆமாம்மா." நெஞ்சை நிமிர்த்தினேன். "கொள்கை வேற, மனுஷத்தன்மை வேற."

அவள் அலமாரியிலிருந்து என் தாள்களை எடுத்துப் பிரித்தாள். என் முதல் தாளையும் அவருடைய கடைசித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, சிவப்புப் பென்சிலால் முதலில் அவருடையதில் ஒரு கோடு போட்டாள். பிறகு என்னுடையதில் ஒரு கோடு போட்டாள்.

"என்னம்மா பண்றே?" டெல்மர் பதறினார்.

"ஒரு வாக்காளர் ஒரு வேட்பாளருக்குத்தான் போடலாம். ரெண்டு பேருக்குப் போட்டா ரெண்டு கையெழுத்துமே செல்லாது." விதிப் புத்தகத்தில் நான் அடிக்கோடிட்டு வைத்து, மழையில் மறந்தே போன வரி.

"சரி, இப்ப எங்க ரெண்டு பேர்ல யாரு நிக்கிறது?" என்று டெல்மர் கேட்டார்.

வோண்டா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பேருக்குமே முந்நூத்தித் தொண்ணூத்தொம்போது."