தோற்றவர் வீட்டில் முப்பது நாள்

மாவட்ட நீதிபதி இன்பவல்லி உயர் நீதிமன்றத்துக்குத் தேர்வாகியிருந்தார். பதவியேற்க, அங்கு போகும் எல்லா நீதிபதிகளுக்கும் உள்ள ஒரு நிபந்தனைதான் மீதமிருந்தது. தமது தீர்ப்பால் தோற்றவர் ஒருவரின் வீட்டில் முப்பது நாள் தங்க வேண்டும். முடிவில் அவ்வீட்டார் மனமொப்பிக் கையெழுத்திட வேண்டும். இல்லையேல், இருபது ஆண்டுகள் காத்திருந்த பதவி கிடைக்காது. குலுக்கலில் வந்த பெயர் விளாத்திகுளம் பேச்சித்தாய்.

பேச்சித்தாய் குழாயடிக்குப் போய்வந்த குறுக்கு வழியைப் பக்கத்து நிலக்காரர் வேலியிட்டு அடைத்தது சரியே என்று இன்பவல்லி தீர்ப்பளித்திருந்தார். ‘மாற்றுப் பாதை உள்ளது’ என்று எழுத அவருக்கு அரை நிமிடம்கூட ஆகியிராது. அந்தச் சுற்றுப் பாதையில்தான் இப்போது இன்பவல்லியும் தினமும் ஆறு குடம் தண்ணீர் சுமந்தார். முதல் வாரமே இடுப்பு கழன்றுவிட்டது.

“மெதுவா வாங்கம்மா. நீங்க எழுதின பாதை எங்கயும் ஓடிப்போயிராது,” என்று பேச்சித்தாய் சிரித்தபோது, இன்பவல்லிக்கு நிமிர்ந்து பார்க்கக் கூசியது.

முப்பதாம் நாள் காலை, கையெழுத்துப் படிவத்தை இன்பவல்லியே எடுத்து நீட்டினார்.

“அக்கா, ஒண்ணு சொல்லிடறேன். நீங்க போட்டிருக்கிற மேல்முறையீடு நான் போற ஹைகோர்ட்டுக்குத்தான் வருது. ஆனா என் தீர்ப்பை நானே விசாரிக்க முடியாது. நீங்க கையெழுத்துப் போட்டாலும் என்னால உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. போடலைன்னா கோவிச்சுக்க மாட்டேன்.”

பேச்சித்தாய் பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக நிதானமாகக் கையெழுத்திட்டார்.

“தெரியும்மா. எங்க கேசைக் கேக்கப்போற ஐயாவும் யாரு வீட்டுலயாவது முப்பது நாள் சோறு தின்னுட்டுத்தானே வந்திருப்பாரு?”